மாஸ்க்கா, எக்ஸாஸ்ட்டா, மாற்றுப்பொருளா: ரசாயனம் புழங்கும் கூடத்தில் காசை எதில் போடுவது?

கரைப்பான் ஆவி, அமிலப் புகை, சிலிக்கா தூசு என்று ஏதாவது ஒன்று பறக்கும் வேலையிடத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் போட உட்கார்ந்தால், பெரும்பாலும் மூன்று யோசனைகள்தான் மேசைக்கு வரும். ஆட்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் கொடுத்துவிடலாம். புகை கிளம்பும் இடத்திலேயே எக்ஸாஸ்ட் வைத்து உறிஞ்சிவிடலாம். அல்லது அந்தப் பொருளையே தூக்கிவிட்டு வேறொன்றுக்கு மாறலாம். பாதுகாப்புத் துறையின் பாடம் இதில் தெளிவானது: முதலில் பொருளை நீக்கு அல்லது மாற்று, பிறகு எக்ஸாஸ்ட் போன்ற இயந்திர ஏற்பாடு, அப்புறம் வேலைமுறை, எல்லாம் முடிந்து கடைசியில்தான் மாஸ்க். பர்ச்சேஸ் ஆட்கள் இந்தப் பட்டியலைக் கீழிருந்துதான் படிப்பார்கள். மாஸ்க் நாளைக்கே வந்து இறங்கிவிடும், விலையும் குறைவு.

அந்த மாஸ்க்கை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவின் விதிகளில், முகத்தின் பாதியை மூடும் மாஸ்க்குக்குப் பாதுகாப்பு எண் 10, முழு முகத்தையும் மூடுவதற்கு 50. சரியாகப் பொருந்தினால், வெளியே 50 பங்கு இருக்கும் நஞ்சு உள்ளே 1 பங்காகக் குறையும் என்று பொருள். ஆனால் இது மாஸ்க் முகத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். 8 மணி நேர ஷிப்டில் வியர்வை துடைக்க, பக்கத்து ஆளோடு பேச, மூக்கைச் சொறிய என்று ஒருவர் மொத்தம் அரை மணி நேரம் கழற்றினார் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் நஞ்சின் அளவு மாறாமல் இருந்தால், அவருக்கு அன்று கிடைத்த பாதுகாப்பு 50 இல்லை, சுமார் 12. அதே அரை மணி நேரத்தில் 10 எண் மாஸ்க் 6-க்கு இறங்கும். ஐந்து மடங்கு உசத்தி என்று வாங்கிய சாமான், இரண்டு மடங்கு உசத்தியாகச் சுருங்கிவிட்டது. மாஸ்க் அணிந்து மூச்சு வாங்கும்போது அரை மணி நேரம் கழற்றுவது அசாதாரணமும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை.

இதற்கு மேல், மாஸ்க் முகத்தில் ஒட்டவிடாத தாடி, மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் பிட் டெஸ்ட், நஞ்சை வடிகட்டும் கார்ட்ரிட்ஜை மாற்றும் கால அட்டவணை என்று வேலைகள் தொடரும். 'வாசனை வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொள்' என்ற பழைய வழக்கம் ஆபத்தானது. மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் மூக்குக்குத் தெரியும்போதே அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கும். அதை வடிகட்டும் கரியும் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால், கார்ட்ரிட்ஜ் போதாது, குழாய் வழியாக நல்ல காற்று கொடுக்கும் வகைதான் வேண்டும். கையுறையிலும் இதே சிக்கல் உண்டு. டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் லேடெக்ஸ் கையுறை அணிந்துதான் வேலை செய்தார். அதன் மேல் சிந்திய சில துளி டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ரப்பரை ஊடுருவிவிட்டது. மாதங்கள் கழித்துத்தான் அறிகுறிகள் தெரிந்தன. 1997 ஜூனில் இறந்துபோனார். கையுறை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதினால் போதாது, எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்று எழுத வேண்டும்.

எக்ஸாஸ்ட்டின் பெரிய பலம், தொழிலாளியின் பொறுமையை நம்பி அது ஓடுவதில்லை. பலவீனம் தூரம். வட்டக் குழாயின் வாயில் இருக்கும் உறிஞ்சும் வேகம், குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். ஊதினால் தூரத்துக்குப் போகும், உறிஞ்சினால் போகாது. அதனால்தான் வெல்டிங் மேசைக்கு மேலே கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஹூடை, அதாவது உறிஞ்சும் குழாயின் வாய்க் கூட்டை, ஒரு முழம் தள்ளி வைத்த இடங்களில் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும், புகையும் மூக்கு வழியாகவே போகும். சத்தம் கேட்பதால் எல்லோருக்கும் நிம்மதி வேறு. காற்று போகும் திசையைக் காட்ட மெல்லிய புகை விடும் சிறு குழாயை வேலை நடக்கும் புள்ளியில் பிடித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். பிரிட்டனின் விதிகள் இத்தகைய அமைப்புகளைப் பொதுவாக 14 மாதங்களுக்குள் ஒருமுறை முழுமையாகச் சோதிக்கச் சொல்கின்றன. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மாஸ்க்கோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது வழி, பொருளை மாற்றுவது. காகிதத்தில் இதை அடிக்க ஆளில்லை: நஞ்சே இல்லையென்றால் மாஸ்க் எதற்கு? கரைப்பானுக்குப் பதில் சோப்புத் தண்ணீரால் உலோகப் பாகங்களைக் கழுவ முடிகிற இடத்தில் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். ஆனால் மாற்றம் தவறான திசையிலும் போகும். சீனாவின் சூச்சோவில் தொடுதிரை செய்த ஆலை ஒன்று, துடைக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலை விட்டு ஹெக்சேன் என்ற கரைப்பானுக்கு மாறியது. சீக்கிரம் காயும், வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் காரணம். 137 தொழிலாளர்கள் நரம்புப் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள். சீக்கிரம் காய்கிறது என்றால் சீக்கிரம் காற்றில் ஏறுகிறது என்றுதானே அர்த்தம். துடைக்கப் பொதுவாகப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைவிட ஹெக்சேனின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகக் கிளம்பும் வேகம், மூன்று மடங்குக்கும் மேல், ஆனால் அமெரிக்காவில் தொழில் சுகாதார நிபுணர்களின் அமைப்பு காற்றில் பரிந்துரைக்கும் எல்லையோ ஆல்கஹாலுக்கு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு), ஹெக்சேனுக்கு 50. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், புதிய பொருளின் ஆவி அபாயம் பத்து மடங்குக்கும் மேல். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளில், அனுமதி எல்லை சொல்லும் 8-ஆவதையும் ஆவியழுத்தம் சொல்லும் 9-ஆவதையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

பயிற்சி வகுப்பையும் ரத்தப் பரிசோதனையையும் சிலர் நான்காவது, ஐந்தாவது போட்டியாளர்களாக வைப்பார்கள். இரண்டும் தேவை, ஆனால் போட்டியில் சேராது. ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது என்று தெரிவது, மற்ற மூன்றில் ஏதோ ஒன்று தோற்ற பிறகு வரும் செய்தி.

என் கணக்கில், தினமும் ஒரே இடத்தில் ஒரே வேலை நடக்கிறதென்றால் எக்ஸாஸ்ட்தான். தரவுத் தாளோடு சரிபார்த்த நல்ல மாற்று கிடைத்தால் அதற்கே முதலிடம். மாஸ்க்கை விட்டுவிட முடியாத இடங்களும் இருக்கின்றன: சிந்தியதைத் துடைக்க, பழுது பார்க்க, எக்ஸாஸ்ட் வந்து பொருத்தும் வரைக்குமான இடைக்காலத்துக்கு. அந்த இடைக்காலத்துக்கு ஒரு கடைசித் தேதியையும் எழுத்தில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதுவே நிரந்தரமாகிவிடும். எக்ஸாஸ்ட்டுக்கு கொட்டேஷன் வாங்கும்போது ஹூடின் வாயில் காற்று வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வேலை செய்பவரின் கை இருக்கும் இடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணை அங்கேயே அளந்து காட்டிய பிறகு மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.