எட்டு வருஷம் வீல்சேர்ல: எங்க ஊரு கடைத்தெரு ரிவ்யூ

போனுக்கும் பைக்குக்கும் லாங் டெர்ம் ரிவ்யூ போடறாங்கல்ல, நான் ஒரு ஊருக்கு போடறேன். டெல்டா பக்கம் ஒரு நகராட்சி, பேரு வேணாம், சொன்னா எந்த கடை எந்த ஆபீஸ்னு கண்டுபுடிச்சிருவாங்க, நாளைக்கு நான் அங்கதான் மளிகை வாங்கணும்.

நான் பில்டிங் வேலை எடுத்து செஞ்சவன். 2017 ஆரம்பத்துல ஒரு வீட்டு ரெண்டாவது மாடில வெளிப்பூச்சு நடக்கறப்ப சாரம் சரிஞ்சு விழுந்தேன், தண்டுவடத்துல அடி, இடுப்புக்கு கீழ அசைவு இல்ல. வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட ரீஹாப்ல, அதாவது மறுவாழ்வு சென்டர்ல, மூணு மாசம் இருந்தேன். அந்த எடத்துக்கு காரணமான டாக்டர் மேரி வர்கீஸே 1954ல ரோடு ஆக்சிடென்ட்ல இடுப்புக்கு கீழ செயல் போய், அப்புறம் வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க. அங்க முன் சக்கரத்த தூக்கி பேலன்ஸ் பண்றது, சின்ன மேடு தாண்டறது எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, எல்லா வாசலும் சரிவு, எல்லா கதவும் அகலம், சரி இனிமே நமக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு நெனச்சுகிட்டு ஊரு வந்து சேர்ந்தேன்.

வந்த மூணாம் நாள் முடி வெட்டிக்கலாம்னு வழக்கமா போற சலூனுக்கு போனா வாசல்ல மூணு படி. அந்த மூணு படியையும் கட்டுனதே நான்தான். ஆறு வருஷம் முன்னாடி கடை ஓனர் "மழத்தண்ணி உள்ள வருது மேஸ்திரி, தளத்த ஒசத்திக் குடு"ன்னு கேட்டாரு, நானும் ஒண்ணரை அடி ஒசத்தி, மேல கருப்பு கிரானைட் ஒட்டி, பளபளன்னு முடிச்சுக் குடுத்து காசு வாங்கிட்டுப் போனேன். சலூன்காரரு வெளிய வந்து என்னயும் படியயும் மாத்தி மாத்தி பாத்துட்டு "பரவால்லண்ணே, இங்கயே ஸ்டூல் போட்டு வெட்டி விட்டுர்றேன்"னாரு. பல வருஷம் ரோட்டு ஓரமா உக்காந்துதான் முடி வெட்டிகிட்டேன். போற வர்றவன்லாம் நின்னு நலம் விசாரிப்பான், கழுத்துல துணிய கட்டிகிட்டு மொகமெல்லாம் முடியோட நான் பதில் சொல்லிட்டு இருப்பேன்.

படி ஏன் இவ்ளோ ஒசரமா இருக்குங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு, இத தெரிஞ்சுக்காம கடைக்காரன மட்டும் திட்டறதுல அர்த்தம் இல்ல. பழைய தார சொரண்டாம அது மேலயே புதுசா ரோடு போடறாங்க, ஒவ்வொரு தடவையும் ரோடு ஒசருது, கடை பள்ளமாகுது, மழை வந்தா சாக்கடை உள்ள வருது, அவன் தளத்த ஏத்தறான், வாசல்ல படி மொளைக்குது. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, மில்லிங் பண்ணி பழைய லேயர எடுத்துட்டுதான் புது ரோடு போடணும்னு உத்தரவே போட்டாரு. எங்க தெருவுல அதுக்கப்புறமும் ஒரு தடவ ரோடு போட்டாங்க, மில்லிங் மெஷின நான் பாக்கல.

சரி கடைக்குள்ள போக முடியலன்னா என்ன, வெளியவே வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் சொல்வாங்க, நல்ல மனசோடதான் சொல்வாங்க, "நீங்க ஏன்ண்ணே செரமப்படறீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க நான் எடுத்தாந்து தரேன்". ஜவுளிக்கடை வாசல்ல நின்னுகிட்டு "தம்பி, ஜட்டி தொண்ணூறு சைஸு"ன்னு கத்திப் பாருங்க, உள்ளேர்ந்து அவன் "எலாஸ்டிக் வெளிய தெரியறதா உள்ளயாண்ணே"ன்னு திருப்பிக் கத்துவான், பக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கற காலேஜ் புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாக்கும். மெடிக்கல்ல இன்னும் மோசம். எனக்கு மாசா மாசம் யூரின் டியூப், பேக் வாங்கணும், அத நடு ரோட்டுல சைஸோட சொல்லி வாங்கணும். ஒரு சட்டை வாங்குனா தடவிப் பாத்து, வெல பாத்து, வேணாம்னு வச்சிட்டு வர்ற சொகம் இருக்கே, அது போச்சு. கடைப்பையன் எடுத்தாந்தத வாங்கிட்டு வரணும், மூணாவது தடவ மாத்தி எடுத்துட்டு வர சொல்ல நமக்கே கூச்சமா இருக்கும்.

அடுத்து ரேம்ப். ஊருக்குள்ள ரேம்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன், கவர்மென்ட் ஆபீஸ், பேங்க் எல்லாத்துலயும் இருக்கு. ஆனா ரேம்ப்னா ஒரு இஞ்ச் ஒசரத்துக்கு பன்னெண்டு இஞ்ச் நீளம், அதுதான் கணக்கு. ஒண்ணரை அடி படின்னா பதினெட்டு அடி வேணும். நான் போற பேங்க்ல அந்த ஒண்ணரை அடிக்கு அஞ்சடில முடிச்சிருக்காங்க, டேப் வச்சு அளந்துட்டுதான் சொல்றேன். அதுல ஏறுனா வண்டி பின்னாடி மல்லாக்க சாயும், எறங்குனா நேரா ரோட்டுல போற லாரிக்கு அடியில போய் நிக்கும். மேல வழவழ டைல்ஸ் வேற. பைக் ஏத்தறாங்கன்னு ரேம்ப் வாசல்ல ரெண்டு இரும்பு பைப்ப நட்டு வச்சிருக்காங்க, பைக் ஏறல, நானும் ஏறல. செக்யூரிட்டி தாத்தா பாவம், எழுபது வயசு இருக்கும், "வாப்பா தூக்கி விடறேன்"னு வருவாரு, அவரத்தான் யாராச்சும் தூக்கி விடணும்.

மாற்றுத்திறனாளி டாய்லெட்னு நீல போர்டு போட்ட ரூம் எங்க ஊருல ரெண்டு எடத்துல இருக்கு. ஒண்ணு பூட்டியே கெடக்கு, சாவி வச்சிருக்கறவரு டீ குடிக்க போயிருப்பாரு, எப்ப போனாலும் டீதான். ஒருநாள் தொறந்தப்ப பாத்தா உள்ள தொடப்பக்கட்டை, பிளீச்சிங் பவுடர் மூட்டை, ஒடஞ்ச சேர். இன்னொண்ணு தொறந்திருக்கும், ஆனா கதவு உள் பக்கமா தொறக்கும், வீல்சேரோட உள்ள போயிட்டா கதவ சாத்த முடியாது. கதவு வெளிப்பக்கம் தொறக்கணும் இல்லனா ஸ்லைடிங்கா இருக்கணும்னு நெலை வச்ச கொத்தனாருக்கு யாரும் சொல்லல. நானா இருந்தாலும் அன்னிக்கு அப்படித்தான் வச்சிருப்பேன், ஒத்துக்கறேன்.

கண்ணு தெரியாத எங்க கூட்டாளி ஒருத்தர் சொன்னப்பறம்தான் இன்னொண்ண கவனிச்சேன். பிளாட்பாரத்துல மஞ்ச டைல்ஸ் பதிச்சிருப்பாங்கல்ல, அது டிசைன் இல்ல. 1965ல ஜப்பான்ல செய்இச்சி மியாகேன்னு ஒருத்தர் கண்டுபுடிச்சது, கோடு போட்டிருந்தா நேரா போ, புள்ளி இருந்தா நில்லு, பாத்துப் போன்னு அர்த்தம், கால்லயும் குச்சிலயும் தடவி தெரிஞ்சுக்கறது. எங்க ஊருல ஒரு வரிசை கோடு ஒரு வரிசை புள்ளின்னு கோலம் மாதிரி மாத்தி மாத்தி ஒட்டி, கடைசில நேரா கரண்ட் கம்பத்துல கொண்டு போய் விட்டிருக்காங்க. அவரு அதுல நடக்கறதே இல்ல, ரோட்டுலயே நடக்கறாரு.

சட்டம்லாம் பக்காவா இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஜூன்ல விதிகள் வந்துச்சு, அதுலேர்ந்து அஞ்சு வருஷத்துல எல்லா பொதுக் கட்டடமும் மாறணும்னு எழுதியிருக்கு, அதாவது 2022 ஜூன்லயே கெடு முடிஞ்சுபோச்சு. கண் பார்வை இல்லாத ராஜீவ் ரதூரி 2005ல போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல தீர்ப்பு சொல்லுச்சு, இந்த அணுகல் விதிகள சும்மா பரிந்துரையா வச்சா போதாது, கட்டாயமாக்கணும், மூணு மாசத்துல பண்ணுங்கன்னு. நான் ஒரு தடவ இந்த சட்டத்த பிரிண்ட் எடுத்துட்டு ஒரு ஆபீசுக்கு போனேன். ஆபீசர் மாடில. பியூன் மனுவ வாங்கிட்டு மேல போயி சீல் வச்சு கொண்டாந்து குடுத்தாரு. அவ்ளோதான் நடந்துச்சு.

ஒழுங்கா செஞ்சா எப்படி இருக்கும்னு சென்னைல பாத்தேன், அதையும் சொல்லிடறேன். மெட்ரோல லிஃப்ட்ல எறங்கி, அகல கேட்ல கார்டு தட்டி, ரயிலுக்குள்ள நானே தள்ளிட்டு போனேன், கூட வந்த மச்சான் பைய தூக்கிட்டு பின்னாடி வந்தான், அவ்ளோதான் அவனுக்கு வேலை. மெரினால 2022 நவம்பர்ல மரப்பாதை தொறந்தாங்கல்ல, 263 மீட்டர், அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல ஒடஞ்சு, அப்புறம் சரி பண்ணாங்க. 2023ல போனேன். விழுந்ததுக்கப்புறம் யாரும் தூக்காம கடல் பக்கத்துல போனது அன்னிக்குதான். சுண்டல் வாங்கி தின்னுட்டு இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன், மச்சான் ரெண்டு தடவ கூப்ட்டான், நான் திரும்பல.

ஊருக்கு வந்து மனு போடறத விட்டுட்டு தொழில்ல எறங்கிட்டேன். வெல்டிங் பட்டறை தம்பிகிட்ட சொல்லி செக்கர் பிளேட்ல, அதான் சொரசொரப்பான இரும்புத் தகடு, நாலடி நீளம் மூணடி அகலத்துல ஒரு ரேம்ப் அடிச்சேன், மேல ரெண்டு கொக்கி, படி விளிம்புல மாட்டிட்டா நகராது, ராத்திரி தூக்கி உள்ள வச்சுக்கலாம். ஆறு இஞ்ச் ஒத்தப் படிக்கு அது போதும். ஒண்ணுக்கு எட்டுதான் வருது, பன்னெண்டு வரல, எனக்கு கை பலம் இருக்கு ஏறிடுவேன், வயசானவங்கன்னா பின்னாடி ஒரு ஆள் புடிக்கணும், அத மறைக்கல. மொதல்ல மளிகைக்கடைல போயி "எங்கள மாதிரி ஆளுங்களுக்காக வைங்க"ன்னு கேட்டேன், "பாக்கலாம்ணே"ன்னாரு, தமிழ்ல அதுக்கு மாட்டேன்னு அர்த்தம். ஒரு மாசம் கழிச்சு அதே கடைக்கு போயி "அரிசி மூட்டைய டிராலில வச்சே உள்ள தள்ளிரலாம், லோடுமேன் கூலி மிச்சம்"னு சொன்னேன். மறுநாளே வாங்கிகிட்டாரு. கேஸ் ஏஜென்சிகாரப் பசங்க பாத்துட்டு டீக்கடைல சொல்ல, டீக்கடை பாத்துட்டு பேக்கரி, இப்படியே இப்ப பதினோரு கடைல இருக்கு. அந்த பதினோரு கடைலயும் வீல்சேர்னு ஒரு வார்த்தை நான் பேசுனது இல்ல. கேவலமா இருக்கான்னா, கொஞ்சம் இருக்கு. ஆனா இப்ப மெடிக்கல்ல கவுன்டர் பக்கத்துல போயி மெதுவா பேசி டியூப் வாங்கறேன்.

சலூன் மட்டும் தகடுக்கு அடங்கல, ஒண்ணரை அடியாச்சே. மூலைக் கடைங்கறதால சந்து பக்கம் செவத்த ஒட்டி பதினெட்டு அடிக்கு சரிவு போட்டு, சைடு செவத்துல மூணரை அடி அகலத்துக்கு ஒடச்சு கதவு வைக்கலாம்னு பிளான் சொன்னேன். கட்டட ஓனர் சம்மதிக்க ரெண்டு வருஷம் ஆச்சு, அவங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஒடஞ்சு வீட்டுக்குள்ளயே மொடங்குன பிறகுதான் சரின்னாரு. நான் வீல்சேர்ல உக்காந்து ரசமட்டம் புடிக்க, பழைய சித்தாள் அக்காவும் ஒரு கொத்தனாரும் மூணு நாள்ல முடிச்சாங்க. மேல டைல்ஸ் கெடையாது, சிமென்ட் பூச்சுல விளக்குமாத்தால குறுக்க கோடு இழுத்து விட்டோம், மழையில வழுக்காது. மொதல் நாள் உள்ள போயி கண்ணாடி முன்னாடி நின்னப்ப சலூன்காரரு ஒண்ணும் பேசல, ஃபேன போட்டுட்டு கத்தரிய எடுத்தாரு. விழுந்ததுக்கப்புறம் என் பின்னந்தலைல சொட்ட விழுந்திருக்குன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

வர்ற மாசம் தெருவுக்கு மறுபடி ரோடு போடறாங்களாம். மில்லிங் இல்லாம போட்டா ரோடு ஒசந்து படி கொறையும், என் தகடெல்லாம் இன்னும் நல்லா படியும், எனக்கு லாபம்தான். ஆனா ஐப்பசி மழைக்கு கடைக்குள்ள தண்ணி வரும், தண்ணி வந்தா தளத்த ஏத்துவாங்க. பேக்கரிக்காரரு இப்பவே கேட்டுட்டாரு, "மேஸ்திரி, ஒரு அடி ஏத்துனா எவ்ளோ ஆகும்"னு. இன்னும் ரேட் சொல்லல.