சேலம் அழகாபுரம் அரியர் கணக்கு டியூஷன்: பிள்ளையைச் சேர்க்கலாமா?

என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள். கட்டணமெல்லாம் அரசே கட்டிவிடுகிறது. ஆனால் முதல் செமஸ்டரிலேயே எம்-1 என்று பிள்ளைகள் சொல்லும் மேட்ரிக்ஸஸ் அண்ட் கால்குலஸ் கணக்குப் பாடத்தில் தேறாமல் அரியர். வகுப்பில் சார் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்களாம், இவளும் ஆட்டிவிடுவாளாம். எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கணக்கில் நான் உதவ முடியாது. விசாரித்து அழகாபுரத்தில் ஒரு மாடி டியூஷனில் சேர்த்துவிட்டேன்.

பெற்றோர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பாடம் நடத்தும் மேடம் சொன்னதால் சில நாள் உட்கார்ந்தேன்.

வந்ததும் அரைத்தாள் கொடுக்கிறார். போன வகுப்பில் நடத்தியதிலிருந்து மூன்று கேள்வி, நோட்டைத் திறக்கக்கூடாது. மதிப்பெண்ணும் கிடையாது, திட்டும் கிடையாது. நோட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மறந்ததை யோசித்து எடுத்து எழுதினால்தான் மனதில் நிற்குமாம். அப்புறம் புதுக் கணக்கு. முதல் கணக்கைப் பலகையில் முழுசாகப் போடுவார். அடுத்ததில் கடைசி இரண்டு வரியை விட்டுவிடுவார், அதற்கடுத்ததில் பாதியை. நாலாவதைப் பிள்ளைகளே போடவேண்டும். பட்டறையில் புதுப் பையனுக்குப் பற்றவைப்பு பழக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது.

பிடிக்காமல் இருந்தது நாலு நாலு பேராக உட்காரவைப்பது. ஒரே சத்தம். காசு கட்டி அரட்டை அடிக்கவா அனுப்புகிறோம் என்று மேடத்திடம் கேட்டே விட்டேன். "அண்ணா, உட்காருங்க" என்று ஒரு கதை சொன்னார். 1970களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தாராம். உழைப்பிலோ வீட்டு ஆதரவிலோ குறை இல்லை. அவர்கள் தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ படித்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டுப் பேசினார்கள். அதைப் பார்த்து அவர் குழு வகுப்பு ஆரம்பித்தார், அதிலும் சுலபமான கணக்கு கொடுக்காமல் கடினமானதாகவே கொடுத்தார். மதிப்பெண் நன்றாக ஏறியதாம்.

சரி, பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் என் மகள் பக்கத்துப் பையனிடம், "மேட்ரிக்ஸ் மூலைவிட்டத்துல இருக்கிற எண்களைக் கூட்டு, ஐகன் வேல்யூ எல்லாத்தையும் கூட்டினா அதே வரணும், உனக்கு வரலை பாரு" என்று விடையைச் சரிபார்க்கத் தமிழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வாயைத் திறக்காத பிள்ளை! பேசுவது தமிழிலேயே இருக்கட்டும், எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில் என்பது அங்கே வழக்கம். மேடத்துக்கு எல்லார் பெயரும் தெரியும். ஒருவர் வராவிட்டால் அந்தக் குழுவில் ஒருவரே போன் போட்டுக் கேட்கிறார்கள். இடைவேளையில் தட்டுவடை செட் வாங்கக் கூட்டமாகத்தான் போகிறார்கள்.

எம்-1 பாஸாகிவிட்டாள். மதிப்பெண் சுமார்தான்.

குறைகளும் உண்டு. இப்போது ஆள் கூடிவிட்டது, நாலு பேர் குழு ஆறாகிவிட்டது. ஆறு பேரில் இரண்டு பேர் சும்மா இருந்தாலும் தெரிவதில்லை, மேடம் இன்னொரு பேட்ச் பிரித்தே ஆகவேண்டும். வண்டி நிறுத்த இடமில்லை. மாலை வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடியாது. ஓமலூர், தாரமங்கலம் போகிற பிள்ளைகள் கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.

ஒரு பாடத்துக்கு 3,000 ரூபாய், இரண்டு தவணையாகத் தரலாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயிலிருந்தே என் மகள் கட்டினாள். 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' மட்டும் கேட்டுப் போகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது போனால் மேடமே சேர்ப்பதில்லை. ரிசல்ட் வந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.