சேலத்துப் பழைய சினிமா விக்கி: தகராறு தீர்ப்பதில் கெட்டி

மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படத் தயாரிப்பு நிறுவனத்தின் ரசிகர்கள் சேலத்திலிருந்து நடத்தும் இந்த விக்கியில், தகவலைவிடப் பாராட்ட வேண்டியது பஞ்சாயத்து முறை. படப்பெயரா, டைட்டில் கார்டில் உள்ளபடிதான். அது கிடைக்காவிட்டால் வெளியான காலத்துப் பாட்டுப் புத்தகம், அதுவும் இல்லையென்றால் நாளிதழ் விளம்பரம். மற்ற எழுத்துக்கூட்டல்கள், சரியான தலைப்புக்கு அனுப்பிவிடும் வழிமாற்றுப் பக்கங்களாகின்றன. நிறுவனர் பெயரையே எடுத்தால், ‘டி.ஆர்.சுந்தரம்’, ‘டி. ஆர். சுந்தரம்’ இரண்டும் விக்கி மென்பொருளுக்கு வேறு வேறு தலைப்புகள். ஓர் இடைவெளி போதும், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் முளைத்துவிடும்.

ஆதாரத்தில் இன்னும் கறார். ‘பாலன்’ (1938) முதல் மலையாளப் பேசும்படம் என்பதற்கு ஒரு வலைப்பதிவைக் காட்டினால், அதன் தேதியை, எந்தத் திருத்தம் எப்போது நடந்தது என்று காட்டும் பக்க வரலாற்றோடு ஒப்பிடுகிறார்கள். விக்கியில் அந்த வரி ஏறிய பிறகு வந்த பதிவென்றால் தள்ளுபடி; பெரும்பாலும் இங்கிருந்தே சுட்டதாக இருக்கும். தணிக்கைத் தேதியை வெளியீட்டுத் தேதியாகவும் ஏற்பதில்லை.

குறை உண்டு. தலைப்பை இருமுறை நகர்த்திய இடங்களில் ஒரு வழிமாற்று இன்னொரு வழிமாற்றுக்கே அனுப்பும் இரட்டை வழிமாற்று தேங்கிக் கிடக்கிறது. மென்பொருள் ஒரு தாவல்தான் தாவும். வாசகர் நடுவழியில் நிற்கிறார். இவற்றைப் பட்டியலிடச் சிறப்புப் பக்கமே இருக்கிறது, யாராவது வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். முடிந்த வழக்கின் தீர்ப்பை, திருத்துபவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தின் உச்சியில் ஒட்டாததால், புதிதாக வருபவர் அதே சண்டையை மறுபடி கிளப்புகிறார்.