எஞ்சினுக்கு ஒரு கும்பிடு, பின் சக்கர டிரம்முக்கு ஒரு திட்டு

நான் ஓட்டும் சின்னக் காரின் அதே மாடலில் நண்பர் ஒருவர் பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா என்று கேட்டார். ஒரு லிட்டர் பெட்ரோல், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். என் வண்டி ஏழு வருடத்தில் ஓடியது 41,000 கி.மீ., அதில் முக்கால்வாசி சென்னைக்குள்ளேயே. மைலேஜ், டிக்கி அளவு, ஏசி குளிர்ச்சி எல்லாம் ஊரறிந்த சங்கதி. பராமரிப்பை மட்டும் சொல்கிறேன்.

எஞ்சினைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, அதற்குப் பதில் செயின்தான். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்ற தலைவலி இல்லை. ஆனால் அந்தச் செயினுக்கு உயிர் எஞ்சின் ஆயிலில் இருக்கிறது. கையேட்டில் "10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ" என்று போட்டிருக்கும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு முந்துவது எப்போதும் வருடம்தான். காலையில் நாலு கிலோமீட்டர், மாலையில் நாலு கிலோமீட்டர் என்று ஓட்டினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்; வெண்ணெய் திரண்டதுபோல் மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால் அதுதான். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகாமல், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் விஷயம் வேறு, ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரோடு, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விலை சொற்பம். பழசையே போட்டுவிட்டுக் கசிகிறது என்று பிளக்கை மேலும் மேலும் முறுக்கி, எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியின் மரையைத் தின்றுவிடுவார்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஏர் ஃபில்டர் காகிதத்தால் ஆனது, தட்டலாம், கழுவக்கூடாது. கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான்; வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

இனி திட்டு.

ஆல்டோ, வேகன் ஆர், க்விட், டியாகோ என்று இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் மூடிய டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசும்). இந்த வண்டியும் அப்படியே. தனியாளாக ஓட்டும்போது பின்பக்கம் பாரமே இல்லை. பிரேக் வேலையில் பெரும்பங்கை முன் டிஸ்க் பார்த்துக்கொள்கிறது. பின் ஷூ சும்மா உரசி உரசி, மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பேறிவிடும். உதிர்ந்த தூள் வெளியே போக வழியில்லாமல் டிரம்முக்குள்ளேயே சேரும். அதோடு வேளச்சேரி பக்கம் மழைத்தண்ணீரில் ஒருமுறை இறங்கி ஏறினால் தூள் சேறாகும், சேறு காய்ந்து கட்டியாகும். விளைவு மூன்று: மெதுவாக நிறுத்தும்போது கீச்சென்று சத்தம், ஹேண்ட்பிரேக் மேலே மேலே ஏறுவது, மழை இரவுக்கு மறுநாள் காலை வண்டியை எடுத்ததும் பின்னாலிருந்து "டக்" என்று ஒரு அறை. அந்த "டக்" வேறொன்றுமில்லை. ஈரத்தில் ஹேண்ட்பிரேக் போட்டதால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டி, பிறகு பிய்ந்துகொண்டு வருகிறது. திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இது தினசரிப் பூசை. மழைக்காலத்தில் சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் விடுவதே மருந்து.

நிரந்தர வைத்தியம், 10,000 கி.மீ.க்கு ஒருமுறையோ மழைக்காலம் முடிந்ததுமோ டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வது. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு, கியர் முதலில், ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சின்னத் துளைகள் இருந்தால், பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் சேரும், இரண்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று முடுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். சுத்தியால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு தெறித்துவிடும். நடுவில் டஸ்ட் கேப்பும் அதற்குள் பெரிய நட்டும் இருந்தால் அது பேரிங்கோடு சேர்ந்த டிரம். அந்த நட்டுக்குச் சரியான முறுக்கம் முக்கியம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

உள்ளே இருக்கும் தூளை ஏர் அடித்து ஊதக்கூடாது, நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். டீசல், மண்ணெண்ணெய் பக்கமே போக வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டையான லைனிங் எண்ணெய் குடித்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பளபளப்பை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து எடுங்கள். லைனிங் தேய்ந்து 1 மி.மீ.தான் மீதி இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவும், சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் செட்டாகவே கிடைக்கும். பெடலை மிதித்ததும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டினால் சிலிண்டர் போயிற்று. ஷூ உரசி நகரும் பின்தகட்டு மேடுகளில் மட்டும், ஊசிமுனை அளவு, சூடு தாங்கும் கிரீஸ்.

எல்லோரும் சொதப்புவது கடைசிக் கட்டத்தில். முதலில் ஷூ அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி, டிரம் லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பெடலைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஹேண்ட்பிரேக் தொளதொளவென்று இருந்தால்தான் கேபிளைத் தொட வேண்டும். ஆனால் பட்டறையில் நடப்பது தலைகீழ். டிரம்மைத் திறக்கவே மாட்டார்கள்; லிவருக்குக் கீழே கேபிள் நட்டை நாலு சுற்று முறுக்கினால் ஹேண்ட்பிரேக் டைட்டாகிவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கிளம்புவார். கேபிள் இழுத்தபடியே இருப்பதால் ஷூ தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது, ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கினால் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கும், தீய்ந்த நாற்றம் வரும், மைலேஜ் இறங்கும்.

பில்லில் "பிரேக் கிளீனிங்" என்று ஒரு வரி இருப்பதால் டிரம்மைத் திறந்தார்கள் என்று அர்த்தமில்லை. சர்வீஸுக்கு விடும்முன் பின் சக்கர நட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ரிம் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது நாலு நட்டிலும் கோடு நேர்க்கோடாகவே இருந்தால், சக்கரத்தையே யாரும் கழற்றவில்லை.

சரி, வாங்கலாமா? எஞ்சினுக்கு மார்க் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், வருடச் செலவும் கையைக் கடிக்காது. ஆனாலும் புதுச் ஷூ செட்டுக்கும் லேபருக்கும் காசு கொடுத்துவிட்டு வந்த இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதையும் மீறிப் பார்க்கப் போகிறவர், வண்டியில் ஏறியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்துக் கிளிக்கை எண்ணட்டும். ஐந்தாறில் பிடித்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் விலையில் குறைத்துக் கேட்கலாம். இரண்டிலேயே கல் மாதிரி நின்றால், யாரோ கேபிளை முறுக்கியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் கையைக் காட்டிச் சூட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.