தெரபியும் இன்சூரன்ஸும்: மூன்று வருடம், ஒரே ஒரு 'ரீ'

போன வாரம் நண்பன் போன் செய்தான். "மச்சான், பையனோட ஸ்பீச் தெரபிக்கு இன்சூரன்ஸ் காசு குடுத்துச்சா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு." அவன் மகளுக்கு இப்போதுதான் பரிசோதனை முடிந்திருக்கிறது. ஒரு வார்த்தை எதற்கு, எனக்கு ஒரு எழுத்தே போதும்: ரீ.

பாலிசி எடுக்கும்போது "தெரபி கவர் ஆகும்" என்றார்கள். பொய் இல்லை. புத்தகத்தில் இருப்பது 'ரீஹேபிலிடேஷன்'. விபத்திலோ நோயிலோ இழந்த திறனைத் திரும்பப் பெறுவதற்கான சிகிச்சை. இதுவரை வராத திறனை முதல்முறையாக வரவழைப்பதற்குப் பெயர் 'ஹேபிலிடேஷன்'. அந்த 'ரீ' இல்லாததற்கு எங்கள் பாலிசியில் இடம் இல்லை. முதல் கிளைம் திரும்பி வந்த கடிதத்தில் இதை மூன்று வரியில் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். சுருக்கினால் இவ்வளவுதான்: உங்கள் பையன் எதையும் இழக்கவில்லையே!

அப்போது அவனுக்கு நாலு வயது. 'க' வராது, எல்லாம் 'த'. கதவு அவனுக்குத் ததவு. தெரபிஸ்ட் படஅட்டையில் காக்காவைக் காட்டினால் "தாத்தா" என்பான். எங்களுக்கு முந்தைய செஷனில் பக்கவாதம் வந்து பேச்சு போன பெரியவர் ஒருவர் வருவார். ஒருநாள் அவர் எழுந்து வெளியே போவதற்குள் இவன் உள்ளே ஓடி, மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்து "தாத்தா!" என்று கத்த, அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அன்று அதே அட்டைதான் போல. வாயைக் கோணிக்கொண்டு "கா... கா..." என்று இவனுக்குச் சொல்லிக் காட்டினார். அதே அறை, அதே கண்ணாடி, அதே தெரபிஸ்ட், அதே காக்கா. அவருடைய பில்லை அவர் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியது. அவர் மகளே சொன்னார். அவருக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த 'ரீ'யை எங்கே பார்த்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபத்தில் தேடிப் படித்தேன். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 26-வது பிரிவின் தலைப்பே 'ஹேபிலிடேஷனும் ரீஹேபிலிடேஷனும்'தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். 25-வது பிரிவு, மருத்துவக் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது. என் பையன் மாற்றுத்திறனாளி என்ற வரையறைக்குள் வருவானா என்பது வேறு வழக்கு. இருந்தாலும் மேல்முறையீட்டுக் கடிதத்தில் இரண்டையும் எழுதினேன். பதிலில் அதைப் பற்றி அரை வரிகூட இல்லை.

காரியம் நடந்தது வேறு வழியில். வாடிக்கையாளர் சேவையில் பேசிய ஒரு பெண் (மூன்று வருடத்தில் எனக்கு உருப்படியாக உதவிய ஒரே குரல்) பொறுமையாகச் சொன்னார்: "சார், எந்த ஷரத்துப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல கேளுங்க. அப்புறம் பில்லுல என்ன டயக்னோசிஸ் கோடு (code) போட்டிருக்குன்னு பாருங்க." பார்த்தேன். நோய்களுக்கெல்லாம் குறியீடு கொடுக்கும் ஐசிடி-10 என்ற பட்டியலில் ஆர் 62.0. வயதுக்குரிய வளர்ச்சிப் படிகள் தாமதம் என்று அர்த்தம். ஆர் வரிசை முழுக்க அறிகுறிகள். நோய்க்கு இன்னும் பெயர் வைக்காதபோது போடுவது. முதல் நாள் பார்த்த டாக்டர் போட்டது அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் முழுப் பரிசோதனை முடிந்து, எந்த ஒலி எங்கே தப்புகிறது என்று அறிக்கையே வந்திருந்தது. அதைக் காட்டியதும் டாக்டர் எஃப் 80.0 என்று மாற்றினார். பேச்சொலி உச்சரிப்புக் குறைபாடு. இல்லாத கோடைப் போடச் சொல்லி டாக்டரிடம் நிற்காதீர்கள், அது மோசடி. இருப்பதைத் துல்லியமாக எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

இங்கேதான் வேடிக்கை. ஐசிடி-10-இல் எஃப் அத்தியாயம் மனநலம், நடத்தை சார்ந்த குறைபாடுகளுக்கானது. கோடு மாறியதும் எங்கள் கோப்பு மனநலப் பிரிவுக்குப் போய்விட்டது. 'க'வுக்குப் பதில் 'த' சொல்லும் பையனுக்கு மனநலமா என்று வீட்டில் ஒருநாள் முழுக்கப் புலம்பல். பிறகு பார்த்தால் அந்தப் பிரிவில் 'ரீ' கேள்வியே கிடையாது! பன்னிரண்டு செஷனுக்கு ஒருமுறை முன்அனுமதி வாங்கினால் போதும். வாசலில் நிற்க வைத்து விரட்டியவர்களே கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு உட்கார வைத்த கதை.

அந்த முன்அனுமதி தனிக் கூத்து. ஒவ்வொரு முறையும் முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். நன்றாக முன்னேறினால் "இனி தேவையில்லை", முன்னேறாவிட்டால் "பலன் இல்லை". எங்கள் தெரபிஸ்ட் இந்தக் கயிற்றில் நடக்கத் தெரிந்தவர். "நல்ல முன்னேற்றம்" என்று எழுதவே மாட்டார். "வார்த்தையின் தொடக்கத்தில் 'க': 10-க்கு 4. இலக்கு: 10-க்கு 8" என்று எழுதுவார். எண்ணோடு போன அறிக்கை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மற்ற செலவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலையில் பையனுக்குக் காய்ச்சல் என்று செஷனை ரத்து செய்தால் சென்டருக்கு முழுக் கட்டணம். நடக்காத செஷனுக்கு இன்சூரன்ஸ் தராது. அந்தப் பணம் முழுக்க நம் தலையில். சேருவதற்கு முன்பே இந்த விதியைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் வருடம் கை கடித்தபோது வாராவாரம் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினோம். தினமும் பத்து நிமிடம் வீட்டில் நாங்களே. தட்டையான குச்சியால் நாக்கு நுனியைக் கீழே அழுத்திப் பிடித்தால் 'த' சொல்ல வழியில்லாமல் நாக்கின் பின்பக்கம் எழும்பும்; 'க' வரும். தெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிப் பழகிய பிறகுதான் இதைத் தொட்டோம். மேற்பார்வையில் மாணவர்கள் பயிற்சி எடுக்கும் பல்கலைக்கழகக் கிளினிக்குகளில் கட்டணம் குறைவாக இருக்கும், அதையும் விசாரிக்கலாம். இப்போது 'க' வந்துவிட்டது, 'ர'வில் நிற்கிறோம். 'ழ'வை நான் கேட்கவே இல்லை. அது வராத பெரியவர்கள் எத்தனை பேர் மைக் பிடித்துப் பேசுகிறார்கள், அவர்களுக்கு யாரும் கோடு போடுவதில்லை.

நியாயமாகச் சொன்னால், அனுமதி கிடைத்த செஷனுக்கெல்லாம் பணம் சொன்ன நாளில் வந்தது. கட்டிய ப்ரீமியத்தையும் வாங்கியதையும் வைத்துக் கூட்டிப் பார்த்தேன், வாங்கியதுதான் அதிகம். போனில் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

மச்சான், இந்த பாலிசி உனக்கு வேண்டாம். கூட்டல் கணக்கைக் காட்டி என்னை மடக்காதே. வேறு எது எடுத்தாலும் 'ஹேபிலிடேஷன்' என்ற சொல் 'ரீ' இல்லாமல் எங்காவது இருக்கிறதா என்று புத்தகத்தில் விரல் வைத்துத் தேடு. மகளுக்குப் பரிசோதனை நடந்ததை விண்ணப்பத்தில் மறைக்காதே, பிறகு அதையே காரணம் காட்டி மொத்த கிளைமையும் மறுப்பார்கள்.

நான் நேற்றுதான் புதுப்பித்தேன். வேறு கம்பெனிக்கு மாறினால் பையனுடையது ஏற்கெனவே இருந்த குறையாகிவிடலாம், காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கலாம் என்று பயம். அடுத்த பன்னிரண்டு செஷனுக்கான அனுமதி இன்னும் வரவில்லை.