ஹெல்சிங்கியில் எதை எங்கே வாங்கலாம்: சில வருட அனுபவம்

ஹெல்சிங்கிக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது துறைமுகத்தை ஒட்டிய கௌப்பதோரி சந்தையில்தான். ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், வாணலியில் வறுபடும் மீன், கலைமான் தோல், கம்பளித் தொப்பி. ஒரு தடவை பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இங்கே குடியிருக்கும் எங்களுக்கு அது ஒத்துவராது. விலையெல்லாம் கப்பலில் வந்து இறங்கும் பயணிகளை மனதில் வைத்துப் போட்டது. போதாததற்குக் கடற்காகங்கள் வேறு. கொஞ்சம் அசந்தால் தட்டிலிருக்கும் மீனைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

ஒரே விதிவிலக்கு அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் ஹெர்ரிங் மீன் சந்தை. 1743 முதல் நடந்துவருகிறது. தீவுகளிலிருந்து வரும் மீனவர்கள் படகைக் கரையோரம் கட்டி, படகிலிருந்தபடியே ஊறவைத்த மீனை விற்பார்கள். கூடவே கறுப்பாக, லேசாக இனிக்கும் தீவு ரொட்டி. அந்த ரொட்டி பல நாள் கெடாது, அதனால் நான் இரண்டாக வாங்கிவிடுவேன்.

வாடிக்கையாக நான் போவது ஹகனியெமி என்னும் பேட்டைக்கு. மெட்ரோவிலிருந்து மேலே ஏறினால் திறந்தவெளிச் சந்தை, ஓரத்திலேயே 1914இல் திறந்த செங்கல் கட்டடச் சந்தை. அதைப் பழுதுபார்க்கப் பல வருடம் ஆனது. கடைகளெல்லாம் மைதானத்தில் போட்ட தற்காலிகக் கூடத்தில் இருந்துவிட்டு 2023இல்தான் பழைய இடத்துக்குத் திரும்பின. மீனும் கறியும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அக்கம்பக்கத்திலேயே ஆசியக் கடைகள் இருப்பதால் கறிவேப்பிலைக்குத் தனியாக அலைய வேண்டாம்.

கோடையில் சந்தைக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். பட்டாணி, ஸ்ட்ராபெரி, காட்டு புளூபெரி, மஞ்சள் நிறக் கந்தரெல்லி காளான் என்று பாதிக்குமேல் லிட்டர் கணக்குதான். நம் ஊரில் படியால் அளந்த மாதிரி, குவளையில் அள்ளிப் பையில் கொட்டுவார்கள். தலை தட்டி அளக்கிறாரா, கோபுரமாக அளக்கிறாரா என்று பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் யாரிடம் போவது என்பது தெரிந்துவிடும். பட்டாணியைச் சமைக்க வாங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டிராமுக்குக் காத்திருக்கும்போதே உரித்துப் பச்சையாகத் தின்றுவிடுவார்கள். காட்டு புளூபெரி, கடையில் பெட்டியில் வரும் பெரிய பழம் மாதிரி இருக்காது. சின்னது, உள்ளேயும் கருநீலம், நாக்கும் விரலும் சாயம் ஏறிப்போகும். காட்டில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், பறித்து விற்ற காசுக்கு வருமான வரியும் கிடையாது. அப்படியும் விலை குறைவில்லை; குனிந்து பறித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

சரி, துணியும் பாத்திரமும். இந்த ஊரில் புதுசைவிடப் பழசைத்தான் நான் நம்பி வாங்குகிறேன். பொதுவான விற்பனை வரியே 25.5 சதவீதம் என்னும்போது புதுசு வாங்கக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கிர்ப்பிஸ் என்னும் பழைய பொருள் கடைகள் பேட்டைக்குப் பேட்டை உண்டு. விற்பவர் ஒரு வாரத்துக்கு அலமாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து, விலைச்சீட்டு ஒட்டிப் பொருளை அடுக்கிவிட்டுப் போய்விடுவார். பணம் வாங்குவது கடைக்காரர். பேரம் பேச எதிரில் ஆளே இருக்காது. அராபியா என்னும் பின்லாந்துப் பீங்கான் நிறுவனத்தின் தட்டு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் முத்திரையை வைத்தே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். மூமின் என்னும் கதைப் பாத்திரங்களின் படம் போட்ட கோப்பைகள் மட்டும் தனி உலகம். தயாரிப்பு நின்றுபோன படம் என்றால் சேகரிப்பாளர்கள் சொத்து விலை கொடுக்கிறார்கள். டீ குடிக்க எனக்கு அது தேவையில்லை. பேரம் பேசித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோடையில் ஹியெதலஹ்தி சதுக்கத்தில் பழைய பொருள் சந்தை இருக்கிறது. மே, ஆகஸ்டு மாதங்களில் வரும் துப்புரவு நாளில் ஊரே தெருவிலும் பூங்காவிலும் பழைய பொருளைக் கடை பரப்பிவிடும்.

‘பூட்டிக்’ (boutique) என்னும் நாகரிகக் கடைகள் புனவூரி என்னும் பேட்டைப் பக்கம் நிறைய. சின்னச் சின்னக் கடைகள், பல இடங்களில் வடிவமைத்தவரே கல்லாவில் இருப்பார். பார்க்க அழகு, வாங்குவது எப்போதாவதுதான். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1933இல் வடிவமைத்த முக்காலியைப் புதிதாக வாங்குவதைவிட, அதைத் தயாரிக்கும் ஆர்தெக் நிறுவனமே திரும்ப வாங்கி விற்கும் பழையதை வாங்கலாம். பெயின்ட் உரிந்திருக்கும், கால் ஆடாது. மரிமெக்கோ என்னும் பின்லாந்து நிறுவனத்தின் துணி வேண்டுமென்றால் மெட்ரோவில் ஹெர்த்தோனியெமிக்குப் போய்விடுங்கள். துணி அச்சிடும் ஆலையும் தள்ளுபடிக் கடையும் அங்கேதான், மதியச் சாப்பாட்டுக்கு அவர்களுடைய கேன்டீனும் உண்டு. அவர்கள் 1964இல் கொண்டுவந்த உனிக்கோ என்னும் பூ வடிவம் போட்ட துணியை நான் மேசைவிரிப்பாக வருடக்கணக்கில் துவைத்துவருகிறேன். சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கசப்பும் உண்டு. நகர மையத்துக் கடை ஒன்றில் வாங்கிய தோல்பையின் ஜிப் சில மாதங்களில் கையோடு வந்துவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். உத்தரவாதம் வேறு, பொருளில் இருந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்ற சட்டம் வேறு. அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் புது ஜிப் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் 'பிடிக்கவில்லை' என்று திருப்பிக் கொடுப்பதற்குக் கடைகளில் சட்டப்படி உரிமை கிடையாது; பெரும்பாலான கடைகள் தாமாகவே மாற்றித் தருகின்றன, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், ‘பூட்டிக்’ கடைகளைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஜூலையைத் தவிர்ப்பது நல்லது. 'விடுமுறை' என்று கதவில் தாளை ஒட்டிவிட்டுக் கோடை வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற கடைக்காரர்கள் நிறைய.