பினாங்கில் ஒரு மாதம்: தைப்பூசமா, டுரியானா, எந்தத் தெருவில் வீடு?

மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவுக்கு மறுபடி போக வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை. எப்போது, எந்தத் தெருவில், எந்த வழியாக என்பதில்தான் மூன்று பேருக்கும் மூன்று கட்சி. அத்தைக்குத் தைப்பூசம் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு டுரியான் பழம் வேண்டும். எனக்கோ, போன தடவை ஓடி ஓடிப் பார்த்த, தீவின் பெரிய ஊரான ஜார்ஜ் டவுனில் இந்தத் தடவை ஓடாமல் இருந்தால் போதும். ஒரு சமையலறை, காலையில் சந்தை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் நடை. கொடைக்கானலில் வீட்டு மாடி அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டுப் பிழைக்கிற எங்களுக்கு, அடுத்தவர் படுக்கை விரித்துத் தருகிற ஊரில் ஒரு மாதம் இருப்பது பெரிய சுகம்.

ஏன் ஒரு மாதம் என்று கேட்டால், அதை மலேசிய அரசே முடிவு செய்துவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா எடுக்காமல் போய் 30 நாள் வரை தங்கலாம்; இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தங்க ஆசைப்பட்டால் வேறு விசா, வேறு கணக்கு. எங்களுக்கு அது வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்தால் ஓர் இரவுக்கு ஓர் அறைக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி. மூன்று நாள் பயணத்தில் இது கண்ணில் படாது. முப்பது நாளுக்கு 300 ரிங்கிட் ஆகிறது. இரண்டு அறை எடுத்தால் 600. அதனால் இரண்டு தனி அறைகளைவிட, இரண்டு படுக்கையறை உள்ள ஒரே வீடு வாடகையில் மட்டுமல்ல, வரியிலும் லாபமாக வாய்ப்பு உண்டு.

எந்த மாதம்

பினாங்கு வானிலையைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் மலையின் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல், மே இரண்டும் சீசன். 2024 மே முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் அந்த இரண்டு மாதக் கூட்டம் எங்களுக்குச் சோறு போடுகிற கூட்டம்தான். ஆயுத பூஜை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று அறைகள் நிறைகிற நாட்களிலும் வீட்டை விட்டு நகர முடியாது. மிச்சம் இருப்பது இரண்டே இடைவெளி. பள்ளி திறந்த பிறகு ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை ஒன்று. பொங்கல் கூட்டம் மலையிறங்கிய பிறகு பிப்ரவரி முடிய இன்னொன்று.

அக்டோபரையும் பேச்சுக்கு வைத்துப் பார்த்தோம். சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா அந்தச் சமயத்தில்தான் வரும். ஒன்பது நாளும் ஊரெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள். சைவம் சாப்பிடும் அத்தைக்குச் சொர்க்கம். ஆனால் பினாங்கில் மழை வெளுத்து வாங்குவதும் செப்டம்பர், அக்டோபரில்தான். இங்கேயும் அப்போது மலைச்சாலையில் எந்த நேரம் மண் சரியும் என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டோம்.

ஆக, போட்டி ஜூனுக்கும் ஜனவரிக்கும்.

ஜூனுக்காக வாதாடுகிறவர் என் வீட்டுக்காரர். தீவின் மேற்குப் பக்கம் பாலிக் புலாவ் என்ற ஊர். மலைச்சரிவு முழுக்க டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள். மே கடைசியில் தொடங்கி ஜூன், ஜூலையில் பழம் குவியும். அங்கே டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழுந்ததைத்தான் எடுக்கிறார்கள். கீழே வலை கட்டியிருப்பார்கள். காலையில் விழுந்த பழத்தை அந்தத் தோட்டத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு ருசி, நகரத்துக் கடையில் வாங்குவது வேறு ருசி என்று அவர் சாதிக்கிறார். அது உண்மைதான். தாண்டிக்குடிப் பக்கம் பலா பழுக்கிற வாசனையில் வளர்ந்தவருக்கு டுரியான் நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. பேர்போன மூசாங் கிங் ரகம் மட்டுமில்லை, ஆங் ஹே என்று உள்ளூர் ரகம் ஒன்று இருக்கிறது, செம்மஞ்சள் சுளை, கொஞ்சம் கசப்பு. அதற்காக அவர் ஜூனிலேயே நிற்கிறார். ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நாளைக் கொண்டாடுவார்கள் (2008இல் மலாக்காவோடு சேர்த்துக் கிடைத்தது), அதையும் பார்க்கலாமே என்று என்னை இழுக்கப் பார்க்கிறார்.

ஜூனில் குறை என்ன? வெயில் எல்லா மாதமும் ஒன்றுதான். பகலில் முப்பது டிகிரிக்கு மேல், புழுக்கம் வேறு. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. மாலை நடை தப்பாது. ஆண்டின் நடுப்பகுதியில் அது நிச்சயமில்லை. அதோடு ஆகஸ்டை ஒட்டிப் போனால் சில வருடங்களில் சுமத்ரா பக்கமிருந்து காட்டுத்தீப் புகை வந்து வானத்தை மூடிவிடுகிறது. மூச்சிரைப்பு உள்ள அத்தையைக் கூட்டிக்கொண்டு அந்தச் சூதாட்டம் ஆட எனக்கு விருப்பமில்லை.

இப்போது தைப்பூசம். பழனி எங்களுக்கு அடிவாரம் மாதிரி. மலையிறங்கினால் 65 கிலோமீட்டர். தை மாதம் ஒட்டன்சத்திரம் சாலையில் பாதயாத்திரைக்காரர்களைத் தாண்டாமல் பழனிக்குப் போகவே முடியாது. அப்படி இருக்கும்போது கடல் தாண்டிப் போய்த் தைப்பூசம் பார்ப்பானேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அத்தை விடவில்லை. பினாங்கில் முருகன் கோயில் இருக்கிற குன்றுக்குத்தான் தண்ணீர்மலை என்று பெயர்.

“பழனியத்தான் வருஷா வருஷம் பாக்குறோமேடா. தண்ணீர்மலைய ஒரு தடவ பாத்துடறேன்.”

“கூட்டம் உனக்கு ஆகாதேம்மா.”

“பழனியில இல்லாத கூட்டமா?”

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது, காரணம் வேறாக இருந்தாலும். இரண்டும் ஒரே முருகன், ஒரே தண்டாயுதபாணி. ஆனால் விழா வேறு விழா. பழனியில் பத்து நாள் உற்சவம், நடந்தே வருகிற சனம், காவடி. பினாங்கில் எல்லாமே மூன்று நாளுக்குள். பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. ரதம் வருகிற சாலையில் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். பூசத்தன்று மாநிலம் முழுவதும் விடுமுறை. செட்டிநாட்டிலிருந்து நடந்தே பழனிக்குக் காவடி கொண்டுவருகிற அதே நகரத்தார்தான் அங்கே வெள்ளி ரதத்தை நடத்துகிறார்கள் என்பது தெரிந்ததும், அத்தைக்கு அது வெளிநாட்டு விழாவாகவே தோன்றவில்லை.

முழங்கால்தான் யோசனை. பழனியில் 693 படி, ஆனால் விஞ்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது. அத்தை படியேறி வருடக்கணக்காகிறது. தண்ணீர்மலையில் 513 படி. பூசத்தன்று அந்தப் படிக்கட்டில் அவரை ஏற்றுவது நடக்காத காரியம். அதற்கு வழி உண்டு: சாலை மட்டத்திலேயே நகரத்தாரின் பழைய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, அடிவாரத்தில் பிள்ளையார் இருக்கிறார். ரதம் வந்து சேர்வதும் அந்தச் சாலைக்குத்தான். மலைமேல் கோயிலுக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு விடியற்காலையில் நாங்கள் ஏறிக்கொள்ளலாம்.

ஜனவரிக்கு இன்னொரு பலமும் இருக்கிறது, அதை வீட்டில் நான்தான் எடுத்துச் சொன்னேன். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் ஏதோ ஒரு நாளில் வரும். பெரும்பாலான வருடங்களில் முப்பது நாளுக்குள் தைப்பூசம், புத்தாண்டு இரண்டையும் பிடித்துவிடலாம். புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தின இரவு, கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகளின் முன்னால் ஹொக்கியன் சீனர்கள் நீளமான கரும்பைக் கட்டி வைத்து, மேசை நிறையப் படையல் போட்டு வானத்து அரசனைக் கும்பிடுகிறார்கள். பொங்கல் கரும்பைக் கடித்துவிட்டுப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இரவு அது. தொல்லையும் உண்டு: புத்தாண்டின் முதல் சில நாள் சீனக் கடைகள் பாதி மூடியிருக்கும், அறை வாடகை ஏறும், வெளியூரில் இருக்கிற பினாங்குக்காரர்கள் எல்லாரும் காரோடு வந்து இறங்குவார்கள். சமையலறை உள்ள வீடாக இருந்தால் முதல் தொல்லை பாதியாகக் குறையும்.

எந்தத் தெரு

லிட்டில் இந்தியாவில் தங்கினால் தமிழிலேயே காலம் தள்ளலாம். லெபோ பசார், லெபோ குவீன், பினாங்கு ஸ்திரீட் சுற்றி மளிகை, பூக்கடை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்று சொல்லிக் கணக்குப் பார்க்கும் அண்ணாச்சிமார் இருக்கிறார்கள். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், அதைத் தாண்டினால் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இரவில் கந்தூரிச் சாப்பாட்டு வாசனையோடு, சோற்றில் குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைகள். முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மாதத்துக்கு? எனக்கு இல்லை. பழைய கடைவீடுகளில் மாடியறை ஜன்னல் சிறியது, பாட்டுச் சத்தம் பெரியது, மத்தியான வெக்கை சுவரிலிருந்து ராத்திரி வரை இறங்காது. மலைக்காரர்களுக்கு இந்த வெக்கைதான் முதல் எதிரி என்பதை ஊரைச் சுற்றிப் பார்க்கும் அவசரத்தில் நாம் கவனிப்பதில்லை, தங்கும்போதுதான் உறைக்கும்.

அதற்கு மருந்தாக பினாங்கு மலை உச்சியிலேயே தங்கலாமே என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றும். மலை 833 மீட்டர். கீழே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவு, அவ்வளவுதான். 2,100 மீட்டரிலிருந்து போகிறவர்களுக்கு அது குளிரே இல்லை. 1923இல் ஓடத் தொடங்கிய கம்பிவட ரயில் பார்க்க வேண்டியது, பழனி விஞ்சின் பெரிய அண்ணன். ஒரு காலை நேரம் அதற்குப் போதும்.

மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வாடகை குறைவு. கெக் லோக் சி புத்தர் கோயில் தலைக்குமேல் நிற்கும். 204 பஸ் ஊருக்கும் மலை ரயில் நிலையத்துக்கும் ஓடுகிறது. ஆனால் புத்தாண்டை ஒட்டி அந்தக் கோயிலில் ஆயிரக்கணக்கில் விளக்கேற்றும் இரவுகளில் சாலை அடைத்துக்கொள்ளும். நாங்கள் போகும் காலம் சரியாக அதுவே. தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம் காற்று உண்டு, நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் 101 பஸ்ஸில் ஊருக்கு வர வேண்டும். குழந்தைகள் உள்ள குடும்பமாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது புலாவ் திக்கூஸ். ஊருக்கும் கடற்கரைக்கும் இடையில், நிழல் மரங்கள் உள்ள பழைய குடியிருப்பு. காலைச் சந்தை நடக்கிற தூரத்தில். சயாம் புத்தர் கோயிலும் பர்மியக் கோயிலும் எதிரெதிரே ஒரே சந்தில். அங்கிருந்து தண்ணீர்மலைக் கோயிலும் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் பக்கம். பூங்கா வாசலருகே நாகலிங்க மரம் இருப்பது அத்தைக்கு ஒரு நல்ல சகுனம். பூங்காவிலிருந்து மலை உச்சிக்கு ஜீப் பாதை ஒன்று செங்குத்தாக ஏறுகிறது, ஐந்து கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் காலை வெயிலுக்கு முன் ஏறிவிட்டு ரயிலில் இறங்கட்டும். பூசத்தன்று சாலைகளை மூடினாலும் நாங்கள் நடந்தே போய்விடலாம். இந்தக் காரணம் ஒன்றே மற்ற எல்லா இடங்களையும் தள்ளிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: தீவில் குடியிருப்பு அடுக்குமாடிகளைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. முன்பணம் கட்டும் முன் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அறை விடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல, கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த வழி

திருச்சி எங்களுக்குக் கிட்டம். அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று கூடக்குறைய பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. கடலிலிருந்து ஜார்ஜ் டவுன் மெதுவாகப் பெரிதாகி வருவதைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். நாங்கள் இருவர் மட்டும் என்றால் யோசிக்கவே மாட்டேன். அத்தையோடு, ஒரு மாதத்துப் பெட்டிகளோடு, நாலு வண்டி மாறுவது சரிப்படாது. கொடைக்கானல் ரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை, 2024 டிசம்பரில் தொடங்கிய இண்டிகோ நேரடி விமானத்தில் பினாங்கு. திரும்புவதும் அப்படியே.

ஆக, பொங்கல் விருந்தாளிகள் கிளம்பியதும் புறப்படுகிறோம். முதல் நாலைந்து இரவு லிட்டில் இந்தியாவில், கடைகளும் ரதம் புறப்படும் தெருவும் பக்கத்தில் இருக்க. மிச்சம் முழுக்க புலாவ் திக்கூஸ். என் வீட்டுக்காரர் ஜூனை இன்னும் விடவில்லை. அவர் தனியாக ஒரு வாரம் பாலிக் புலாவ் போய்வரட்டும், அறைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் திரும்பினால்தான் சீசனுக்கு முன் அறைகளுக்கு வெள்ளையடிக்க முடியும்.